கூரைமேல் போடாத பல்

என் மேல்வரிசை முன்பல் ஒன்று எண்பத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை தீபத்தன்று போனது. அந்த வருஷம்தான் எங்கள் ஊர் தனி மாவட்டத்துக்குத் தலைநகராகியிருந்தது. வேலூரில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்தது. கோயிலின் மேற்குப் பக்கத்துப் பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகை வீடு. நான், மனைவி, மூன்று வயது மகள்.

அன்று மதியமே மலை சுற்றக் கிளம்பினோம். மகள் கொஞ்ச தூரம் நடந்தாள், கொஞ்ச தூரம் அம்மா இடுப்பில் வந்தாள், அடி அண்ணாமலையை நெருங்கும்போது என் தோளில் தூங்கிப் போனாள். பொழுது இறங்கும் நேரம். உச்சியில் தீபம் தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டது. எனக்குத் தூக்க முடியவில்லை. இரண்டு கையும் அவளைச் சுற்றி இருந்தன. நின்ற கூட்டம் மறுபடி நகர்ந்தபோது பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. பாதையோரத்து டீக்கடைப் பந்தலின் கயிறு காலில் மாட்டியது. விழப்போகிறேன் என்று தெரிந்தது. கையை ஊன்றியிருந்தால் முகம் தப்பியிருக்கும். கையை எடுக்கத் தோன்றவில்லை. முதலில் முட்டி தரையில் மோதியது, பிறகு வாய், ஜனங்கள் உட்காரப் போட்டிருந்த கருங்கல்லில்.

மகளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. விழித்துக்கொண்டவள் என் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். மனைவி முந்தானையைச் சுருட்டி என் வாயில் வைத்து அழுத்தினாள். ஒரு முன்பல் வேரோடு வந்துவிட்டது. பக்கத்துப் பல்லின் முனை உடைந்திருந்தது. போன பல்லை யாரும் தேடவில்லை. அத்தனை கால்களுக்கு நடுவே எங்கே தேடுவது.

வாய் ஆறியதும் டவுனில் இருந்த ஒரு பல் டாக்டர் எனக்குக் கழற்றி மாட்டும் செட் ஒன்று செய்து கொடுத்தார். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சிவப்புத் தகடு, அதன் நுனியில் ஒற்றைப் பல். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவேன். மகளுக்கு அந்தச் செட் பிடிக்காது. அதைப் போட்டுக்கொண்டு பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்குப் பிடித்தது அந்த ஓட்டைதான். நான் உதட்டைப் பிரித்து, நாக்கு நுனியை அந்தச் சந்து வழியாக வெளியே விட்டு உள்ளே இழுப்பேன். “பல்லி, பல்லி” என்று கத்திக்கொண்டு விரலால் பிடிக்க வருவாள். பிடிபடாது. அப்புறம் விரலையே சந்துக்குள் விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மண்ணும் பென்சிலுமாக அந்த விரல் ஒரு ருசியாக இருக்கும். மனைவி அடுப்படியிலிருந்து, “கைய எடுடீ, அப்பா சாப்பிட வேணாமா” என்பாள்.

அவளுக்கு ஆறு வயது ஆனபோது அவளுடைய முன்பல்லும் ஆட ஆரம்பித்தது. மேல்வரிசை, எனக்குப் போன அதே பக்கம். இதில் அவளுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஸ்கூலில் எல்லாருக்கும் ஆட்டிக் காட்டியிருக்கிறாள். ஒருநாள் இட்லி சாப்பிடும்போது பல் விழுந்துவிட்டது. மனைவி எதிர்வீட்டு மாட்டுத் தொழுவத்திலிருந்து கொஞ்சம் சாணி வாங்கி வந்து, பல்லை அதற்குள் வைத்து உருட்டிக் கொடுத்தாள். அதைக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும். எங்கள் வீடு ஓட்டு வீடு. மகளைத் தூக்கிப் பிடித்தேன். எறிந்தாள். உருண்டை ஓட்டிலிருந்து உருண்டு கீழே வராமல் நின்றதா என்று தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் கேட்டாள்.

“ப்பா, உன் பல்ல நீ எங்க போட்ட?”

“எங்கயும் போடலடா. மலை சுத்துற வழியில வுழுந்துடுச்சு.”

“கூர மேல போடலயா?”

“போடல.”

“அதான் உனக்கு முளைக்கல” என்றாள். கொஞ்சம் யோசித்து, “போய் எடுத்துட்டு வந்து போடு” என்றாள்.

“இனிமே கெடைக்காதும்மா.”

“அப்ப என்னுது முளைச்சதும் உனக்குப் பாதி தரேன்.”

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருந்தது. தெருமுனை டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தோம். தலைவலி என்று அழுதாள். வாந்தி எடுத்தாள். ஒரு விடியற்காலையில் அவள் உடம்பு விறைத்துக் கண் மேலே செருகியது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளைக்காய்ச்சலாக இருக்கும், உடனே வேலூருக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஒரு வேன் பிடித்து, அவளை மனைவி மடியில் கிடத்திக்கொண்டு போனோம். வழியெல்லாம் மழை.

வேலூரில் அவளைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். மனைவி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சுவர் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. நான்தான் போய்க்கொண்டிருந்தேன். கடைசியிலும் நான்தான் இருந்தேன். வாயிலிருந்த குழாயை நர்ஸ் எடுத்தபோது மகளின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஈறுக்கு வெளியே வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. காய்ச்சலுக்கு முந்தின வாரம்கூட அது இல்லை. அத்தனை ஊசிக்கும் மருந்துக்கும் நடுவில், யாரும் கவனிக்காமல், அது பாட்டுக்கு முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீகக் கிராமத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். எங்கள் வழக்கப்படி பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. மனைவியை வீட்டிலேயே பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற நேரத்தில் அவளுக்கு நினைவே இல்லை.

அதற்குப் பிறகு மகளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. யாரும் கூடாது என்று சொல்லவில்லை. ஒருநாள் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை, அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய துணி, ஸ்லேட்டு, போட்டோ எல்லாவற்றையும் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். வேங்கிக்காலில் மனை வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோனோம். பெட்டியும் கூடவே வந்தது. புது வீட்டிலும் கட்டிலுக்குக் கீழேதான்.

நான் அந்தச் செட்டைத் திரும்பப் போடவே இல்லை. போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு பிள்ளை கண்ணுக்குள் வந்து நின்றது. அலமாரியில் காய்ந்து கிடந்த செட்டை மனைவி எப்போதோ தூக்கி எறிந்துவிட்டாள். அலுவலகத்தில் முதலில் கேட்டார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். புதிதாக வரும் அதிகாரிகள் மட்டும் நான் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதா வாயைப் பார்ப்பதா என்று தடுமாறுவார்கள். கையெழுத்துக்காகக் காத்து நிற்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் நாக்கு தானாகப் போய் அந்த இடத்தைத் தொடும். வழுவழுவென்று இருக்கும். எனக்கு அது போதும். செத்துப்போன பிள்ளையின் கை பட்ட இடம் என்று வீட்டில் ஒரு சுவரோ கதவோ இருந்தால் அதற்கு யாராவது வெள்ளை அடிப்பார்களா. அப்படித்தான் நினைத்திருந்தேன். மனைவிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையன் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். மனைவி எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதையோ சொல்லிச் சிரித்தேன். அலுவலகத்து விஷயம், ஒன்றும் பெரிதில்லை. அவள் கரண்டியைக் குழம்புக்குள் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, அந்தப் பல்லக் கட்டிக்குங்க.”

“இப்ப என்னாத்துக்கு? வயசு அம்பதாவுது.”

“கட்டிக்குங்க.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல.” தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் உங்க மூஞ்சியப் பாத்து சோறு போட்டு எத்தன வருஷம் ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

எனக்குப் புரியவில்லை. அவள் குனிந்துகொண்டு பரிமாறுவது அவள் சுபாவம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“நீங்க வாயத் தொறந்தா அவ வெரல உள்ள வுட்றா” என்றாள். “தினம் மூணு வேளையும் எனக்கு அதான் தெரியுது. நானும் பழகிடும், பழகிடும்னு பாத்தேன். என்னால முடியலங்க.”

பாதிச் சோற்றில் கை கழுவ மனம் வரவில்லை. சாப்பிட்டு முடித்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆறுதலாக இருந்தது அவளுக்கு இத்தனை வருஷமும் முள்ளாக இருந்திருக்கிறது. ஒரே வீடு, ஒரே பாய், பறிகொடுத்ததும் ஒரே பிள்ளையை. எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுவாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் டாக்டர். கழற்றி மாட்டும் செட் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“பல்லு போய் எத்தன வருஷம் சார் ஆவுது?”

“பத்தொம்பது இருக்கும்.”

“அதான். பாருங்க, இந்த எடத்துல எலும்பு தேஞ்சு போயிருக்கு. பல்லு இருந்தாதான் அந்த எலும்புக்கு வேலை. இல்லன்னா உடம்பே அதக் கரைச்சிடும். இம்ப்ளான்ட்டுன்னா ஒரு சின்ன ஸ்க்ரூ மாதிரி எலும்புக்குள்ள வைக்கிறது. அது நிக்கணும்னா மொதல்ல எலும்புப் பவுடர் வெச்சு எடத்தைக் கெட்டி பண்ணணும். அப்புறம் சில மாசம் வெயிட் பண்ணணும். எலும்பு ஸ்க்ரூவப் புடிச்சுக்கிச்சுன்னா மேல பல்லு மாட்டிடலாம்.”

மனைவி கேட்டாள், “இத்தன வருஷம் கழிச்சும் புடிக்குமாம்மா?”

“புடிக்கும்மா. லேட்டாப் புடிக்கும். அவ்ளோதான்.”

எலும்புப் பவுடர் வைத்துத் தையல் போட்டார்கள். அது ஆறுவதற்கே சில மாதம் ஆயிற்று. பிறகு ஸ்க்ரூ வைக்கும் நாள் வந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. சத்தம்தான். பக்கத்து மனையில் போர் போடும்போது வீட்டுத் தரை அதிருமே, அந்த மாதிரி மண்டைக்குள் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணோரம் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து டாக்டர் நிறுத்தி, “வலிக்குதா சார்?” என்று கேட்டார். இல்லை என்று கையால் காட்டினேன். மரத்துப்போன வாய்க்குள் அந்த இடம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அதை மூடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு வாரம் கஞ்சியும் மோரும்தான். மனைவி ஆற்றி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஸ்க்ரூவின் மேல் மாட்டும் பல்லுக்கு அளவு எடுக்கும் நேரம் வந்தபோது டாக்டர் ஒன்று கேட்டார். ஒரு முன்பல் இல்லை என்றால் பக்கத்து முன்பல்லைப் பார்த்து அதே மாதிரி செய்துவிடுவார்களாம். எனக்கு அந்தப் பல்லும் அன்றைக்கே முனை உடைந்து, வருஷக்கணக்கில் தேய்ந்து, ஓட்டைப் பக்கம் சாய்ந்திருந்தது.

“பல்லு போறதுக்கு முந்தி நீங்க சிரிக்கிற மாதிரி ஏதாவது போட்டோ இருக்கா சார்? ரெண்டு பல்லுக்கு நடுவுல எடவெளி இருந்துதா, எவ்ளோ நீளம்னு ஒரு ஐடியா கெடைக்கும்.”

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். கல்யாணப் போட்டோவில் நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். மனைவி முந்திக்கொண்டு, “ஒண்ணு இருக்குது. எடுத்துட்டு வரோம்” என்றாள்.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அடுத்த முறை போனபோது ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த கலர் போட்டோ. என் மடியில் இருக்கும் குழந்தை திரும்பி என் மீசையைப் பிடித்து இழுக்கிறது. நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ வருஷம் கழித்து அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். என் முகத்தைச் சொல்லவில்லை.

டாக்டர் போட்டோவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“எடவெளி இருந்திருக்கு. ஆனா போட்டோ சின்னது, ஷேப் சரியாத் தெரியல.” பிறகு சிரித்துக்கொண்டே, “பாப்பா அப்படியே உங்க மொகம் சார். பல்லு வரிசையும் உங்களுதுதான் வந்திருக்கும். இப்ப பெரிய பொண்ணா இருப்பாங்க இல்ல? ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன். பாத்தா எனக்கு ஈஸியா இருக்கும்” என்றார்.

தெரியாமல் கேட்டவர்மேல் என்ன தப்பு. நான் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தேன். மனைவி பதில் சொன்னாள். குரல் உடையவில்லை.

“அவ இல்லம்மா. ஆறு வயசுல போயிட்டா. முன்பல்லு வுழுந்து, திரும்ப மொளைக்கறதுக்குள்ள போயிட்டா.”

டாக்டர் போட்டோவை மெதுவாகக் கீழே வைத்தார். நான் பஞ்சைத் துப்பினேன்.

“மொளைச்சிருந்துது” என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“என்னா?”

“பல்லு. மொளைச்சிருந்துது. வேலூர்ல கொழாய எடுக்கும்போது நான் பாத்தேன்.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நெஜமா?”

“நுனி வந்திருந்துது.”

அவள் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அடக்கம் செய்த அன்றும் அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அன்று அவளுக்கு நினைவில்லை. இந்த அழுகை அப்போது அழ வேண்டியது. டாக்டர் எழுந்து, காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மனைவிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர், அன்றைக்கு வேறு எந்த அளவும் எடுக்கவில்லை.

இன்னொரு நாள் போய் அளவு கொடுத்த பிறகு ஒரு வாரத்தில் பல் வந்தது. நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு நன்றாகச் செய்திருந்தார்கள். பக்கத்துப் பல்லின் முனையையும் நிரப்பிச் சமமாக்கினார் டாக்டர். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பார்த்தேன். யாரோ நன்றாக வாழ்ந்த மனிதர் போல இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் மனைவி தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“நல்லா இல்லையா?” என்றேன்.

திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேராக.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா இப்ப அவ வந்தான்னா, யாரும்மா இதுன்னு என்னக் கேப்பா.”

உதட்டை இறுக்கிப் பல்லை மறைத்துக்கொண்டேன்.

“நான்தான் கட்டச் சொன்னேன்” என்றாள். “நானேதான் சொன்னேன்.”

“நீ சொன்னது சரிதான்.”

“சரியா?”

தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன் ஸ்கூல் விட்டு வரும்வரை அப்படியே இருந்தோம். அவன் பையை இறக்கி வைத்துவிட்டு என் வாயைப் பார்த்து, “அப்பா, போட்டோல இருக்கறவரு மாதிரியே இருக்கீங்க” என்றான். நாங்கள் இல்லாத நேரத்தில் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். “அக்காவா அது?” என்று கேட்டான். சொந்தக்காரர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆமாம் என்றாள் மனைவி. அந்த வீட்டில் அக்கா என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

பல் கெட்டியாக இருக்கிறது. கரும்புகூடக் கடிக்கிறேன். நாக்கு மட்டும் ரொம்ப நாள் வரைக்கும் போய்ப் போய் முட்டிக்கொண்டு திரும்பியது. தூக்கத்தில் இப்போதும் முட்டுகிறது என்று நினைக்கிறேன். சில நாள் காலையில் நாக்கு நுனி எரிகிறது. மனைவி என் முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிறாள். அது நடந்தது. அவள் பட்ட பாடு குறைந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முன்பு என் வாயில் தெரிந்தவள் இப்போது எங்கேயும் தெரிவதில்லை என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அழுதாள்.

ஆனால் கேட்கிறாள். திடீர் திடீரென்று, ஏதாவது வேலைக்கு நடுவில் கேட்பாள். அந்த நர்ஸ் தமிழ் பேசினாளா, பிள்ளைமேல் போர்த்தியிருந்தது என்ன நிறம், கை சூடாக இருந்ததா. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். போன வாரம் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உடைந்த அரிசி நொய் ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

“இவ்ளோ வந்திருந்துதா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

“இதவிடக் கொஞ்சம் கம்மி” என்றேன்.

அந்த நொய்யை முறத்திலேயே போட்டுவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.